பட்டறைப் பக்கம்: கிரீஸுக்கு அடியில் துரு

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): ஐயா, வணக்கம். என் அப்பா டாக்சி ஓட்டியவர். அவர் வாங்கிச் சேர்த்த அம்பாசடர் உதிரிகள் ஓர் அறை நிறைய இருக்கின்றன. புது கிராங்க் ஷாஃப்ட், கியர்கள், பிரேக் டிரம்கள், ஒரு ஜோடி முன் மட்கார்டு, குரோம் பம்பர் எல்லாம் உண்டு. போன வருடம் எல்லாவற்றையும் டீசலில் கழுவி, கிரீஸ் பூசி, பாலிதீன் கவரில் இறுக்கிக் கட்டி வைத்தேன். இப்போது ஒரு டிரம்மைப் பிரித்துப் பார்த்தால் கிரீஸுக்கு அடியிலேயே செம்புள்ளிகள். எங்கே தவறினேன்?

பதில்: வணக்கம். இந்தப் பதிலைப் படித்ததும் முதல் வேலையாக அந்த கிராங்க் ஷாஃப்டைப் பிரித்துப் பாருங்கள். டிரம்மில் வந்த புள்ளியை லேத்தில் ஒரு சீவு சீவினால் சரியாகிவிடும். கிராங்க்கின் ஜர்னலில், அதாவது பேரிங்குக்குள் சுழலும் வழவழப்பான பகுதியில், குழி விழுந்தால், புதுச் சரக்கையே 0.010 அங்குலம் தேய்த்து, மெலிந்த ஜர்னலுக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங்கைத் தேடி அலைய வேண்டும். மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. ஸ்டாண்டர்ட் அளவில் புது கிராங்க் வைத்திருக்கும் நீங்கள் அதைப் பொன்போலப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, தவறு எங்கே? டீசலில்தான். டீசல் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், ஆனால் உப்பை எடுக்காது. உப்பு தண்ணீரில் மட்டும்தான் கரையும். உங்கள் ஊரில் கடல் காற்று உண்டு, உப்பளம் உண்டு. திறந்து கிடந்த எந்த இரும்பின் மேலும் கண்ணுக்குத் தெரியாத உப்பு படிந்திருக்கும். வெறுங்கையால் தொட்டால் வியர்வை உப்பும் சேர்ந்துகொள்ளும். சுத்தமான இரும்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மிக மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். மேலே உப்பு இருந்தால் அதற்கும் குறைந்த ஈரத்திலேயே துரு தொடங்கிவிடும், ஏனென்றால் உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கொடுக்கிறது. நீங்கள் அந்த உப்பின் மேல் கிரீஸைப் பூசி, அதற்கு மேல் கவரையும் கட்டிவிட்டீர்கள். கிரீஸ் வெளி ஈரத்தைக் கொஞ்சம் தடுத்திருக்கும். உள்ளே ஏற்கெனவே இருந்ததை அது என்ன செய்ய முடியும்? எண்ணெய் பூசுவது கடைசி வேலை. பொருள் பிழைக்குமா பிழைக்காதா என்பது அதற்கு முந்தைய கழுவலிலும் உலர்த்தலிலும் முடிவாகிவிடும்.

ஆகவே மறுபடி முதலிலிருந்து வாருங்கள். டீசலிலோ டர்பன்டைனிலோ ஊறவைத்து, பிரஷ்ஷால் கிரீஸை முழுக்க எடுங்கள். அப்புறம் சோப்பு போட்ட வெந்நீரில் கழுவுங்கள். இரும்பைத் தண்ணீரில் கழுவச் சொல்கிறாரே என்று பலர் பயப்படுவார்கள். பயம் வேண்டாம், தயங்கி நிற்காமல் அடுத்தடுத்து செய்தால் போதும். கடைசி அலசலுக்கு உங்கள் ஊர் போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கும். கேன் தண்ணீரைச் சூடாக்கி ஊற்றுங்கள். சூடாக இருந்தால் இரும்பும் சூடேறித் தானே உலரும். வார்ப்பிரும்பு டிரம் சில நிமிடங்களிலேயே பழுப்பேற ஆரம்பிக்கும் என்பதால் கம்ப்ரசர் காற்றைக் கையோடு வைத்திருங்கள். காற்றடிக்கும் முன் கம்ப்ரசர் டேங்கின் அடியில் உள்ள டிரெயினைத் திறந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள். இதை மறந்தால் உலர்த்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருப்போம். கிராங்க்கில் ஆயில் துளைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்குள் மெல்லிய நீள பிரஷ் விட்டுக் கழுவி, ஒவ்வொரு துளையிலும் காற்று விடுங்கள். ஈரம் ஒளிந்துகொள்வது அங்கேதான்.

பிறகு உச்சி வெயிலில் வையுங்கள். தொட்டால் நன்றாகச் சுட வேண்டும். இதற்குமேல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இளஞ்சூடு இருக்கும்போதே துருத்தடுப்பு எண்ணெயைப் பூசுங்கள். இயந்திர உதிரி விற்கும் கடைகளில் 'ரஸ்ட் பிரிவென்டிவ் ஆயில்' என்று கேட்டால் கொடுப்பார்கள். அதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று எண்ணெயாகவே நிற்கும். மற்றொன்றில் கரைப்பான் ஆவியாகி மெழுகுபோல ஒரு படலம் நிற்கும். கியர், கிராங்க் போன்ற கடைந்த பாகங்களுக்கு முதல் வகை போதும். டிரம்மின் வெளிப்பக்கத்துக்கும் மட்கார்டின் உள்பக்கத்துக்கும் மெழுகு வகை நல்லது. டபிள்யூ.டி.-40 ஸ்பிரே போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவான அதன் பெயரிலேயே தண்ணீரை விரட்டுவது என்ற பொருள் இருக்கிறது. அந்த வேலையை அது அருமையாகச் செய்யும், கழுவிய உடனே அடிக்க ஏற்றது. ஆனால் அதன் படலம் மிக மெல்லியது. ஆண்டுக்கணக்கில் வைக்கும் பொருளுக்கு அதை மட்டும் நம்ப நான் சொல்ல மாட்டேன்.

சுற்றுவதற்குச் செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் வேண்டாம், இரண்டும் ஈரத்தை உறிஞ்சும். ஆவியால் துருவைத் தடுக்கும் வி.சி.ஐ. தாள் வாங்குங்கள். அதிலிருந்து கிளம்பும் ஆவி இரும்பின் மேல் படிந்து காக்கிறது. பிரஷ் போகாத துளைக்குள்ளும் அந்த ஆவி போய்விடும் என்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம். கவர் நன்றாக மூடியிருந்தால்தான் ஆவி உள்ளே நிற்கும். வெறும் இரும்புக்கென்றே தயாரித்த தாள் செம்புக்கும் துத்தநாகத்துக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், எல்லா உலோகத்துக்கும் உகந்தது என்று அச்சிட்டதையே எடுங்கள். இந்தத் தாள் சுற்றும் பாகத்தில் எண்ணெயை மெல்லிசாகப் பூசினால் போதும். கெட்டியாகக் கிரீஸ் அப்பிவிட்டால் ஆவி உலோகத்தை எட்டாது. பொருள் ஆறிய பிறகு, காற்று வறண்டிருக்கும் நண்பகலில் கவரை மூடுங்கள். மாலையில் கட்டினால் மாலை ஈரத்தையும் சேர்த்துக் கட்டுகிறீர்கள், விடியற்காலைக் குளிரில் அது கவருக்குள் வேர்க்கும்.

மட்கார்டில் விளிம்பு மடித்திருக்கும் இடம்தான் எமன். தகடும் தகடும் சேரும் அந்த இடுக்கில் மெழுகு எண்ணெயை ஊற்றிச் சாய்த்து ஓடவிடுங்கள். பிரைமர் அடித்திருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், சாதாரண பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். பம்பருக்குக் கழுவி உலர்த்தி கார் மெழுகு போதும். பின்பக்கத்தில் குரோம் சரியாக ஏறியிருக்காது, அங்கே எண்ணெய் அவசியம். பேரிங்குகள் கம்பெனி உறையிலேயே இருந்தால் பிரிக்கவே வேண்டாம்.

அறையைப் பற்றிக் கடைசியாக ஒன்று. தரையில் எதையும் வைக்காதீர்கள், சிமென்ட் தரை ஈரத்தை மேலே விடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருப்பீர்கள், அதனால் கிராங்க்கையும் கியரையும் மேல்தட்டில் வையுங்கள். கழிவறை ஆசிட், பிளீச்சிங் பவுடர், பேட்டரி, இந்த மூன்றும் அந்த அறையில் இருக்கவே கூடாது. மூடி போட்டிருந்தாலும் இவற்றின் ஆவி கசியும், எண்ணெய் பூசாத இரும்பைச் சில வாரங்களிலேயே கெடுத்துவிடும். ஒவ்வொரு கவரிலும் தேதி எழுதி வைத்து, மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஒரு முறை பிரித்துப் பாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): எங்கள் வீட்டில் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் தேங்காய் எண்ணெய்தான் தடவுவோம். கார் உதிரிக்கும் அது போதாதா? வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயில் சும்மா கிடக்கிறது, அதையாவது பூசலாமா?

பதில்: அரிவாளை வாரம் ஒரு முறையாவது எடுக்கிறீர்கள், துடைக்கிறீர்கள், மறுபடி தடவுகிறீர்கள். அங்கே தேங்காய் எண்ணெய் போதும். பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கியரில் அது சிக்கடித்து அமிலமாகும், எறும்பையும் கரப்பானையும் கூட்டி வரும். தாவர எண்ணெய்தான் வேண்டும் என்றால் விளக்கெண்ணெய் பரவாயில்லை, அது காய்ந்து பிசினாகாது. இருந்தாலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் அதை நம்பாதீர்கள்.

வடித்த ஆயில் வேண்டவே வேண்டாம். இன்ஜினுக்குள் எரிபொருள் எரிந்ததில் உண்டான அமிலமும் தண்ணீரும் கரியும் அதில் கலந்திருக்கின்றன. அதைப் பளபளப்பான ஜர்னலில் பூசுவது துருவுக்கு விதை போடுவது. அது தோலுக்கும் கெடுதல்.

கேள்வி (கொடைக்கானல் வாசகர்): பழைய ஃபியட் கார்புரேட்டரை டப்பாவில் போட்டு, செருப்புப் பெட்டியில் வந்த சிலிகா ஜெல் பாக்கெட்டுகளையும் போட்டு வைத்தேன். ஆனாலும் உள்ளே வெள்ளை மாவு பூத்திருக்கிறது.

பதில்: செருப்புப் பெட்டி பாக்கெட் உங்கள் கைக்கு வருவதற்குள்ளேயே வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருக்கும். நிறம் மாறும் சிலிகா ஜெல் வாங்குங்கள். ஒரு வகை நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும், இன்னொரு வகை ஆரஞ்சிலிருந்து பச்சையாகும். நிறம் மாறியதும் 120 டிகிரி அளவில் சில மணி நேரம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. சமைக்கும் பாத்திரத்திலோ அடுப்பிலோ அதை வறுக்காதீர்கள். முடிந்தால் ஆரஞ்சு வகையையே வாங்குங்கள். டப்பா காற்றுப் புகாததாக இல்லாவிட்டால் எந்த ஜெல் போட்டும் பயனில்லை, அது கொடைக்கானல் பனி முழுவதையும் உலர்த்தப் பார்த்துத் தோற்றுவிடும்.

வெள்ளை மாவு, வார்ப்பு உலோகம் ஈரத்தில் அரிக்கப்பட்டதன் அடையாளம். மிதவைத் தொட்டியில் பழைய பெட்ரோல் மிச்சம் இருந்திருக்கலாம். கார்புரேட்டரை வைக்கும் முன் பெட்ரோலை ஒரு துளி விடாமல் வடித்துவிட வேண்டும்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): பிரேக் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் இவற்றுக்கும் அதே எண்ணெயைப் பூசி வைக்கலாமா?

பதில்: கூடாது. பெட்ரோலிய எண்ணெயோ கிரீஸோ பட்டால் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும், பிரேக்கே பிடிக்காமல் போகலாம். பிரேக் ஆயிலை நிரப்பி வைக்கலாம் என்று சிலர் சொல்வதும் தவறு, டாட்-3, டாட்-4 வகை பிரேக் ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பவை. சிலிண்டரின் உள்பக்கத்தில் பிரேக்குக்கென்றே விற்கும் சிவப்பு ரப்பர் கிரீஸை மெல்லிசாகப் பூசி, துளைகளை அடைத்து, காற்றுப் புகாத கவரில் வையுங்கள். ரப்பர் கிட்டைத் தனியாக, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். பூட்டும்போது புது கிட்டே போடுங்கள். பிரேக் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): துரு ஏற்கெனவே பிடித்துவிட்டது. லெமன் சால்ட் கரைசலில் ஊறவைத்தால் போகும் என்கிறார்கள், உண்மையா?

பதில்: உண்மை. லெமன் சால்ட் என்பது சிட்ரிக் அமிலம்தான், அது துருவை நன்றாகக் கரைக்கும். அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். மறந்துபோய் நாள்கணக்கில் விட்டால் நல்ல இரும்பையும் தின்னும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, அலசி, மேலே தூத்துக்குடி வாசகருக்குச் சொன்னபடி உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். வால்வு ஸ்பிரிங், பட்டை வில், கனெக்டிங் ராடு போல்ட் இவற்றை மட்டும் எந்த அமிலத்திலும் போடாதீர்கள். அமிலம் வேலை செய்யும்போது வெளிவரும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், ஓடும்போது முறியும். அவற்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். போல்ட்டில் குழி தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.