ரோபோ கையில் கேபிள் அடிக்கடி அறுகிறதா? முறுக்கைக் கணக்கிட்டுப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஆலையில் ஆறு அச்சு ரோபோ ஒன்று, இயந்திரத்திலிருந்து உதிரிபாகங்களை எடுத்து கன்வேயரில் வைக்கிறது. கிரிப்பருக்கு, அதாவது பொருளைப் பிடிக்கும் முனைக்கருவிக்கு, செல்லும் சென்சார் கேபிள் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பழுதாகிறது. காற்று ஹோஸ்களும் மணிக்கட்டுப் பகுதியில் மடங்கிக்கொள்கின்றன. டிராக் செயினுக்கென்றே (நகரும் கேபிள்களைத் தாங்கும் கண்ணிச் சங்கிலி) விற்கப்படும் விலை உயர்ந்த கேபிளை வாங்கிப் போட்டும் பயனில்லை. எந்த வகைக் கேபிளை வாங்க வேண்டும்?

பதில்: நீங்கள் வாங்கிய கேபிள் தரமற்றது என்று எனக்குத் தோன்றவில்லை, அது வேறு வேலைக்குரியது. டிராக் செயின் கேபிள் ஒரே தளத்தில் முன்னும் பின்னும் வளைவதற்காகச் செய்யப்படுவது. உள்ளிருக்கும் கம்பிகள் இடம் பெயராதபடி அவற்றின் இடுக்குகளுக்குள் மேலுறையை அழுத்தி நிரப்பியிருப்பார்கள். மின் இரைச்சலைத் தடுக்கும் கவசம் பெரும்பாலும் பின்னல் வலையாக இருக்கும். ரோபோவின் மணிக்கட்டிலோ வளைவைவிட முறுக்கே அதிகம். முறுக்கும்போது பின்னலின் இழைகள் ஒன்றையொன்று இழுத்து அறுந்து, அறுந்த முனைகள் கம்பிகளின் காப்புறையைத் துளைக்கின்றன. முறுக்கைத் தாங்கும் ரோபோ கேபிளில் கம்பிகள் வழுக்கும் நாடாக்களுக்கிடையே ஓரளவு தளர்வாக இருக்கும். கவசமும் பின்னப்படாமல் சுற்றப்பட்டிருக்கும். ஆகவே விவரத்தாளில் ‘ஒரு மீட்டருக்கு இத்தனை டிகிரி’ என்று முறுக்கு அளவு தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ±180 அல்லது ±360 டிகிரி என்பது வழக்கமான அளவு. அந்த வரி இல்லாத கேபிள் எத்தனை லட்சம் முறை வளைவதற்கு உத்தரவாதம் பெற்றிருந்தாலும் மணிக்கட்டுக்கு உதவாது.

ஆனால் கேபிளை மட்டும் மாற்றினால் பழுது சில மாதங்கள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அந்த அளவு ‘ஒரு மீட்டருக்கு’ என்றிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிரிப்பரைத் திருப்பும் ஆறாவது அச்சு ±180 டிகிரி சுழல்கிறது என்றும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள கிளாம்புகளுக்கிடையே கேபிள் 40 சென்டிமீட்டர்தான் என்றும் வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு ±180 டிகிரி தாங்கும் கேபிள் இந்த நீளத்தில் ±72 டிகிரியைத்தான் தாங்கும். நீங்கள் கேட்பதோ அதைப்போல இரண்டரை மடங்கு. இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு: மீட்டருக்கு ±450 டிகிரிக்கு மேல் தாங்கும் கேபிளைத் தேடுவது, அல்லது இடையிலுள்ள கிளாம்பை அகற்றி, முறுக்கு ஒரு மீட்டர் நீளத்துக்குப் பரவும்படி கேபிளை மேற்கையின் (மணிக்கட்டைத் தாங்கும் கைப்பகுதி) பின்புறம் வரை தடையின்றிப் போக விடுவது. இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். மணிக்கட்டு முழுவதையும் சுழற்றும் நான்காவது அச்சின் சுழற்சியும் அதே நீளத்துக்குள் வருமானால், இரண்டு அச்சுகளும் ஒரே திசையில் சுழலும் நிலைகளில் இரண்டின் கோணங்களையும் கூட்டித்தான் கணக்கிட வேண்டும்.

இதனுடன் சேர்ந்த இன்னொரு பிழை, ரோபோவைப் பூச்சிய நிலையில் நிறுத்திவிட்டுக் கேபிளைக் கட்டுவது. உங்கள் புரோகிராமில் ஆறாவது அச்சு −30 டிகிரியிலிருந்து +270 டிகிரி வரை போகிறது என்றால், பூச்சியத்தில் கட்டிய கேபிள் ஒரு பக்கம் 270 டிகிரி முறுக்கப்படும். நடுப்புள்ளியான 120 டிகிரியில் ரோபோவை நிறுத்தி, கேபிள் முறுக்கின்றி இருக்கும்போது கிளாம்பை இறுக்கினால் இரு பக்கமும் 150 டிகிரிதான். செலவே இல்லாத திருத்தம் இது. கேபிளைச் சுருளிலிருந்து வளையம் வளையமாக உருவி எடுக்காமல் உருளையைச் சுழற்றியே பிரிக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உருவினால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முழு முறுக்கு கேபிளில் ஏறிவிடும்.

கழற்றிய பழைய கேபிளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கிளாம்பை ஒட்டிய இடத்திலேயே அறுந்திருந்தால், அங்கே கூர்மையாக வளைகிறது அல்லது இறுக்கம் மிகுதி என்று பொருள். நடுப்பகுதி திருகாணி போலச் சுருண்டிருந்தால் முறுக்கு எல்லை மீறியிருக்கிறது. மேலுறை ஒரு பக்கம் மட்டும் பளபளவெனத் தேய்ந்திருந்தால் அது எதன் மீதோ உரசியிருக்கிறது. ரோபோவை மெதுவாக ஓட்டி அந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம். வெளியே எதுவும் தெரியாமல் சென்சார் மட்டும் விட்டுவிட்டு அலாரம் தருமானால், அலாரம் வரும் கணத்தில் அச்சுகளின் கோணங்களைக் குறித்து வையுங்கள். மீண்டும் மீண்டும் அதே கோணங்கள் வந்தால் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அந்த நிலையில் இழுபடும் கம்பிதான் உள்ளே அறுந்திருக்கிறது.

கட்டும் முறைக்கு வருவோம். நகரும் பகுதியில் பிளாஸ்டிக் கேபிள் டையை நான் அனுமதிப்பதே இல்லை. இறுக்கினால் அது மேலுறைக்குள் பதிந்து எல்லா அசைவையும் ஒரே புள்ளியில் குவிக்கும். தளர்த்தினால் நகர்ந்து உராயும். கேபிளும் ஹோஸும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல இடம் வேண்டும் என்பதால், ஒட்டிப் பிரிக்கக்கூடிய அகலமான ஒட்டுப்பட்டையால் (வெல்க்ரோ) தளர்வாகச் சேர்த்து, இரு முனைகளில் மட்டும் உருண்ட விளிம்புள்ள கிளாம்பால் உறுதியாகப் பிடிக்க வேண்டும். இழுவிசையைக் கிளாம்ப் ஏற்க வேண்டுமே தவிர, கனெக்டர் ஏற்கக் கூடாது. நகரும் கேபிளின் வளைவு ஆரம் பொதுவாக அதன் வெளிவிட்டத்தைப்போல 7.5 முதல் 10 மடங்கு இருக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் கேபிளுக்கு 60 முதல் 80 மில்லிமீட்டர். முப்பரிமாணத்தில் வளையும் வளையச் சங்கிலிக்குள் இவற்றைப் போடுவதாக இருந்தால், கேபிளைச் சுற்றி அதன் விட்டத்தில் 10 சதவீதமும் ஹோஸைச் சுற்றி 20 சதவீதமும் இடைவெளி விடுவது வழக்கம்.

தளர்வு எவ்வளவு விடுவது என்பதுதான் உண்மையில் கடினமான கேள்வி. குறைவாக விட்டால் கை முழுதும் நீளும்போது இழுபடும். அதிகமாக விட்டால் வளையம் தொங்கி, இயந்திரத்தின் கதவிலோ கன்வேயரிலோ சிக்கும். கை மிக அதிகமாக நீளும் நிலையில் தேவையான நீளத்தைக் கொடுத்து, மீதியை மேற்கையின் பின்புறம் ஒரு ஸ்பிரிங் இழுப்பான் வாங்கிக்கொள்ளும்படி அமைப்பதே நல்லது. அந்த ஸ்பிரிங் கேபிளைத் திரும்ப இழுக்கும் அளவுக்கு இருந்தால் போதும். அதைவிட வலுவானது கேபிளைத் தினமும் சிறிது சிறிதாக நீட்டிவிடும்.

ஹோஸ்களைப் பொறுத்தவரை, காற்று ஹோஸ் மடங்குவது பெரும்பாலும் அதைக் கிரிப்பரோடு இணைக்கும் பொருத்தியில்தான். நேர்ப் பொருத்திக்குப் பதிலாகச் சுழலும் முழங்கைப் பொருத்தியைப் போட்டு, ஹோஸ் வெளியேறும் திசையைக் கேபிள் கட்டின் திசையோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். ஹைட்ராலிக் ஹோஸ் இருந்தால் இன்னும் கவனம் தேவை: முறுக்கிய நிலையில் அழுத்தம் ஏறும்போது அது நேராகத் துடித்து, பொருத்தியையே தளர்த்திவிடும். அழுத்தத்தில் அதன் நீளமும் மாறும். ஒரு மீட்டர் ஹோஸ் 4 சென்டிமீட்டர் வரை சுருங்கவோ 2 சென்டிமீட்டர் வரை நீளவோ கூடும்.

எத்தனை ஹோஸ்கள் கிரிப்பருக்குப் போகின்றன என்று நீங்கள் எழுதவில்லை. நான்கைந்து இருந்தால், காற்றைத் திறந்து மூடும் வால்வுத் தொகுப்பைக் கிரிப்பரிலேயே பொருத்தி, ஒரே காற்று ஹோஸும் ஒரே தொடர்புக் கேபிளும் மட்டும் மணிக்கட்டைக் கடக்கும்படி செய்யலாம். மணிக்கட்டில் ஏறும் எடையைக் கன்ட்ரோலரில் உள்ள சுமை விவரத்தில் சேர்க்க மறக்கக் கூடாது.

புரோகிராமையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எடுக்கும் இடத்தில் ஆறாவது அச்சு +170 டிகிரி, வைக்கும் இடத்தில் −170 டிகிரி என்றிருந்தால், கிரிப்பரின் திசையில் வேறுபாடு 20 டிகிரிதான். ஆனால் கேபிள் ஒவ்வொரு முறை எடுத்து வைக்கும்போதும் 340 டிகிரி முறுக்கப்படுகிறது. வைக்கும் இடத்தை +190 டிகிரி என்று மாற்றிப் பதிவு செய்ய அந்த அச்சின் எல்லை அனுமதித்தால் பிரச்சினையின் பெரும்பகுதி அங்கேயே தீரும். கிரிப்பர் இருபுறமும் ஒத்த வடிவமாக இருந்தால் 180 டிகிரி திருப்பிப் பிடிக்கவும் இடமுண்டு. மணிக்கட்டை மடக்கும் ஐந்தாவது அச்சு பூச்சியத்துக்கு அருகில் வரும் நேர்கோட்டு அசைவுகளில் நான்காவதும் ஆறாவதும் எதிரெதிராக மிக வேகமாகச் சுழலும். அப்போது நடுவில் கிளாம்ப் இருந்தால் அதன் இருபுறமும் கேபிள் திடீரென முறுக்கப்படும். அந்த இடத்தை நேர்கோட்டில் கடக்காமல் அச்சுவாரி அசைவால் (ஒவ்வொரு அச்சும் தன் இலக்குக் கோணத்துக்கு நேரே போகும் அசைவு) கடந்துவிடுங்கள். மாற்றங்கள் முடிந்தபின் ஆறாவது அச்சின் மென்பொருள் எல்லையைத் தேவையான அளவுக்குக் குறுக்கினால், பின்னால் யாரும் அறியாமல் மீற முடியாது.

புதிய கட்டமைப்பை முதலில் கைமுறைக் குறைவேகத்தில், அதாவது வினாடிக்கு 250 மில்லிமீட்டருக்குள், எல்லா நிலைகளிலும் ஓட்டிப் பாருங்கள். அதில் நன்றாகத் தோன்றும் கட்டு முழு வேகத்தில் சாட்டைபோல வீசக்கூடும் என்பதால், வேலியை மூடிவிட்டு வெளியிலிருந்து கைப்பேசியில் மெதுவேகக் காணொளி எடுத்துப் பார்ப்பது நல்லது. முடிந்தால் மேற்கையில் ஒரு கனெக்டரை வைத்து, மணிக்கட்டுத் துண்டை மட்டும் தனியே கழற்றும்படி பிரித்துவிடுங்கள். நன்றாக அமைத்த பின்னும் அந்தத் துண்டு தேயும் பொருள்தான். தயார் நிலையில் ஒன்று கைவசம் இருந்தால், அறுந்தபின் ஓடுவதற்குப் பதிலாகத் திட்டமிட்ட பராமரிப்பு நாளிலேயே அதை மாற்றிக்கொள்ளலாம்.