அந்தியேட்டி செய்யாத அப்பாவுக்கு

அப்பாவின் அந்தியேட்டியை, அதாவது முப்பத்தோராம் நாள் செய்யும் கடனை, இப்போதும் செய்யலாம், காலம் கடந்துவிடவில்லை. வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள்; அந்தத் தேடலைச் சற்று நிறுத்திவையுங்கள்; 2021இல் விட்டுப்போன கடமையை முதலில் செய்யுங்கள்.

கொரோனாவில் போன அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, திருகோணமலைக் கோணேசர் கோவிலில் நின்றாலும் உள்ளே வெறுமைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்பிக்கை போய்விட்டதாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செத்தவீட்டில் கூடி அழ ஆளில்லை, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு இல்லை, முப்பத்தோராம் நாள் கடன் செய்யக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகவும் இல்லை. துக்கம் வெளியேறும் வழிகள் எல்லாம் அடைபட்டுக் கிடந்தன.

அப்பாவோடு வேலை செய்த ஒருவரிடம் போய், அவரைப் பற்றி ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். கேட்கும்போது கண் கலங்கினால், உங்களுக்குள் இருப்பது வெறுமை அல்ல, அழாத அழுகை.

பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு கன்னியாவுக்குப் போங்கள். அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளும் இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்ய உண்டாக்கியவை என்பது ஐதீகம். தாயை இழந்த ஒரு மகனின் துயரம் அந்த நீரில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். முறையை உங்கள் குடும்ப ஐயரிடம் கேளுங்கள். என் மாமாவுக்கு நாங்கள் ஒரு வருடம் கழித்துத்தான் செய்தோம். அன்றுதான் மாமி முதன்முதலாக வாய்விட்டு அழுதார். அன்று மாலை, பல மாதங்களுக்குப் பிறகு, தானே அடுப்பு மூட்டித் தேநீர் போட்டார்.

ஒன்று மட்டும்: வாரக்கணக்காகத் தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றால், அல்லது சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், சடங்குக்குக் காத்திருக்க வேண்டாம். 1926க்கு அழையுங்கள், இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.