அதிபரைப் பதவி நீக்கும் தீர்மானத்தால் உண்மையில் பயன் உண்டா, இல்லை வெறும் கட்சிச் சண்டையா?

பயன் உண்டு. ஆனால் குற்றம் சாட்டுகிறவர்களே தீர்ப்பும் சொல்லக் கூடாது. தென் கொரியாவைக் கவனித்த பிறகு இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அங்கே நாடாளுமன்றத்தின் 300 உறுப்பினர்களில் 200 பேர் ஆதரித்தால் தீர்மானம் நிறைவேறும். உடனே அதிபரின் அதிகாரங்கள் நிறுத்திவைக்கப்படும், பிரதமர் பொறுப்பைப் பார்த்துக்கொள்வார். பதவி போவது அதற்கு அப்புறம்தான், அதுவும் அரசமைப்பு நீதிமன்றத்தில் ஆறு நீதிபதிகளாவது ஒப்புக்கொண்டால்.

2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் இயோல் திடீரென ராணுவச் சட்டத்தை அறிவித்தார். படையினர் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். சபாநாயகரே மதிலேறி உள்ளே போக வேண்டியிருந்தது. விடிவதற்குள் 190 உறுப்பினர்கள் கூடி, ராணுவச் சட்டத்தை நீக்கக் கோரி ஒருமனதாக வாக்களித்தார்கள். முதல் பதவி நீக்கத் தீர்மானம் ஆளுங்கட்சியின் புறக்கணிப்பால் வீணானது. இரண்டாவது, டிசம்பர் 14 அன்று 204 வாக்குகளில் நிறைவேறியது. 2025 ஏப்ரல் 4 அன்று, பணியில் இருந்த எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவரை நீக்கினார்கள். படையை ஏவியவரை ஒரு தீர்ப்பு வீட்டுக்கு அனுப்பியது!

ஆனால் நான் இதைவிடப் பெரிதாக நினைப்பது 2004-இல் நடந்ததை. தேர்தல் நேரத்தில் ஒரு கட்சிக்கு ஆதரவாகப் பேசினார் என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளோடு அதிபர் ரோ மூ ஹியூனுக்கு எதிராக நாடாளுமன்றம் பதவி நீக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. சட்டத்தை மீறியது உண்மைதான், ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்தவரை நீக்கும் அளவுக்கு அது பெரிய மீறல் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது. எதிர்க்கட்சியின் எண்ணிக்கை பலம் மட்டும் போதாது என்று அன்றே தெளிவாகிவிட்டது.

அமெரிக்காவில் தீர்ப்புச் சொல்வதும் அரசியல்வாதிகள்தான், நாடாளுமன்ற மேலவையான செனட்டின் உறுப்பினர்கள். 1868-இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே வாக்கில் தப்பினார். இன்றுவரை ஒரு அதிபர்கூட அங்கே இந்த வழியில் நீக்கப்படவில்லை.

கொரிய நீதிபதிகளையும் அரசியல்வாதிகள்தானே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்கலாம். அதிபர், நாடாளுமன்றம், தலைமை நீதிபதி என மூன்று தரப்பும் ஆளுக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். யூனை நீக்கிய எட்டுப் பேரில் யூனே நியமித்தவரும் இருந்தார். ஊரறியக் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், கட்சி விசுவாசத்தைக் காட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை.