காப்பீட்டு அட்டையும் வருமான வரம்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் நிதியைக் குறைத்துவிட்டதாகச் செய்தியில் பார்த்தேன். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் எங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான் துணை. அதற்கும் இந்த நிலை வருமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: 1965இல் தொடங்கிய, மெடிகெய்ட் எனப்படும் அந்தக் காப்பீட்டுத் திட்டத்துக்கான செலவைப் பெருமளவு குறைக்கும் சட்டம் அங்கே 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தானது. வேலை செய்யும் வயதினரில் பலர் மாதம் 80 மணி நேர உழைப்புக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. இதே போன்ற நிபந்தனையை 2018இல் ஆர்கன்சா மாநிலம் விதித்தபோது, சில மாதங்களுக்குள் 18,000க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். அவர்களில் பலர் உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்; அதை இணையவழியே மாதந்தோறும் பதிவு செய்வதுதான் இயலவில்லை. 2019இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது நின்றது.

நம் அட்டைக்கு அத்தகைய நிபந்தனை கிடையாது. 2018இல் மத்திய அரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்ட இத்திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. எனக்குக் கவலை தருவது, அட்டை பெறுவதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்புதான். 72,000 ரூபாயாக இருந்த அந்த வரம்பு 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது நல்ல முடிவு. ஆனால் அது மாதம் 10,000 ரூபாய்தான். கணவனும் மனைவியும் தோட்ட வேலைக்குப் போகும் வீடு, வறுமையிலிருந்து மீளாமலேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். கூலியும் விலைவாசியும் ஏற, வரம்பு மட்டும் அசையாமல் நின்றால், வரவு செலவுத் திட்டத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமலே பயனாளிகளைக் குறைத்துவிடலாம். ஆகவே வரம்பைக் காலமுறைப்படி உயர்த்த வேண்டும் என்று கேட்பது, நிதியைக் காக்கக் கேட்பதற்குச் சமமானது.

பதிவுக்காகச் சேலம் ஆட்சியர் அலுவலகம் வரை மலையிறங்கிப் போக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கிறது. மலைக் கிராமங்களிலேயே பதிவு முகாம் நடத்தக் கோரி கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் எப்படியும் இலவச சிகிச்சைதானே, அங்கும் ஏன் அட்டையைக் கேட்கிறார்கள்?
- வாசகர், அம்மாபேட்டை

பதில்: அட்டை இல்லாவிட்டாலும் அங்கே சிகிச்சை உண்டு. ஆனால் அட்டையின் பேரில் நடக்கும் சிகிச்சைக்குக் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே வந்து சேருகிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் கருவிகளும் உயர்விலை மருந்துகளும் வாங்க அந்தத் தொகை உதவும். நோயாளி அட்டையைக் காட்டாமல் விட்டால், அந்த வரவை மருத்துவமனை இழக்கிறது. எனவே தறி வேலைக்குப் போகும் குடும்பங்கள் உட்பட, தகுதியுள்ள ஒவ்வொருவரும் நோய் வரும் முன்பே குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றைக் கொண்டு பதிவு செய்துகொண்டு, அரசு மருத்துவமனையிலும் தயங்காமல் அட்டையைக் காட்ட வேண்டும்.