வறுமையா, பயிற்சியா? சாப்ளின் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: சிறு வயதில் பட்ட வறுமைதான் சார்லி சாப்ளினை உலகப் புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞராக்கியது என்று பட்டிமன்றங்களில் பேசக் கேட்கிறோம். அது எந்த அளவுக்கு உண்மை?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: அவர் பட்ட வறுமை உண்மை. அதுதான் அவரைக் கலைஞராக்கியது என்பதை ஏற்க இயலவில்லை.

1889 ஏப்ரல் 16 அன்று பிறந்த சாப்ளினின் தாய் ஹன்னா, தந்தை மூத்த சார்லஸ் இருவருமே பாட்டும் நகைச்சுவையும் கலந்து நடக்கும் லண்டன் மியூசிக் ஹால் அரங்குகளில் பாடியவர்கள். தந்தை குடிக்கு அடிமையாகிக் குடும்பத்தை விட்டு விலகினார். தாயின் குரல் கெட்டது, குரலோடு வருமானமும் போயிற்று. 1896-இல் ஏழு வயதுச் சார்லியும் நான்கு வயது மூத்தவரான அண்ணன் சிட்னியும் தாயுடன் லாம்பெத் பகுதியின் ஏழையர் விடுதிக்குள் நுழைந்தார்கள். உள்ளே சென்றதும் தாய் வேறு, பிள்ளைகள் வேறு என்று பிரித்துவிடுவதுதான் அந்த விடுதிகளின் விதி. சில வாரங்களில் பிள்ளைகள் இருவரும் ஹான்வெல் என்ற இடத்திலிருந்த ஆதரவற்றோர் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள்.

1898-இல் இரண்டாம் முறை விடுதிக்குப் போக நேர்ந்தபோது, பிள்ளைகளோடு ஒரு நாளாவது இருக்க வேண்டும் என்று ஹன்னா ஓர் உபாயம் செய்தார். விடுதியை விட்டு வெளியேறுவதாகச் சொல்லி மூவருமாக வந்து, கென்னிங்டன் பூங்காவில் அந்தப் பகலைக் கழித்தார்கள். சிட்னியிடம் இருந்த 9 பென்ஸில் கருஞ்செர்ரிப் பழங்கள் வாங்கித் தின்றார்கள். செய்தித்தாளைக் கசக்கிப் பந்தாக்கி விளையாடினார்கள். மீதிக் காசுக்குத் தேநீர் குடித்துவிட்டு, மாலையில் மறுபடியும் அதே விடுதியில் போய்ச் சேர்ந்தார்கள். தன் வரலாற்றில் சாப்ளின் இதை எழுதியிருக்கும் பக்கங்களில் அழுகைக்கு இடமே இல்லை என்பதை நான் வியப்போடு கவனித்திருக்கிறேன்.

ஆனால் ஹான்வெல் பள்ளியில் அவரோடு நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இதே துயரத்தில் வளர்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று சாப்ளினுக்குக் கிடைத்தது. அது அவருடைய தாய். ஹன்னா ஜன்னலோரம் அமர்ந்து, தெருவில் போகிறவர்களைப் போலவே நடித்துக் காட்டுவார். ஒருவர் காலைத் தேய்த்து நடந்து வருகிறார், காலணிக்கு மெருகேற்றவில்லை. ஆகவே மனைவியோடு சண்டையிட்டுக்கொண்டு காலை உணவு உண்ணாமல் கிளம்பியிருக்கிறார் என்பார். பார்த்தால், அந்த மனிதர் ரொட்டிக் கடைக்குள் நுழைவார். கையாலும் முகத்தாலும் உணர்ச்சியைக் காட்டவும், மனிதர்களை உற்றுக் கவனிக்கவும் தாயிடமே கற்றதாகச் சாப்ளின் பலமுறை சொல்லியிருக்கிறார். வறுமையைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இந்தப் பெண்மணியை மறந்துவிடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கேள்வி: அவர் முதன்முதலில் மேடையேறியது எப்போது?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: அவரே சொல்லியுள்ளபடி, ஐந்து வயதில், ஆல்டர்ஷாட் நகரில், பெரும்பாலும் படைவீரர்கள் கூடும் ஓர் அரங்கில். பாடிக்கொண்டிருந்த ஹன்னாவின் குரல் உடைய, கூட்டம் கூச்சலிட்டது. மேடை நிர்வாகி சிறுவனின் கையைப் பிடித்து அழைத்துப்போய் மேடையில் விட்டார். பாட்டு பாதியில் இருக்கும்போதே காசு மழை பொழிந்தது. சிறுவன் பாட்டை நிறுத்தி, காசுகளைப் பொறுக்கிக்கொண்டுதான் மேலே பாடுவேன் என்று அறிவித்தான், அரங்கம் சிரித்தது. உதவிக்கு வந்த நிர்வாகி காசை எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று அஞ்சி, அவர் அதைத் தாயிடம் ஒப்படைக்கும் வரை பின்னாலேயே போனான். சிரிப்பு இன்னும் கூடியது. பின்பு, தாயின் குரல் உடைந்ததையும் சேர்த்தே அப்பாவித்தனமாகப் பாடிக் காட்டினான். சிறுவனுக்கு அது முதல் மேடை. தாய்க்கு ஏறத்தாழக் கடைசி மேடை.

கேள்வி: முறையான கல்வி இல்லாதவர் நடிப்பை எங்கே கற்றார்?
(வாசகர், மட்டக்களப்பு)

பதில்: மேடையிலேயே கற்றார். திரைப்படக் கருவியின் முன் நிற்பதற்குள் அவருக்குப் பதினைந்து ஆண்டு மேடை அனுபவம் சேர்ந்துவிட்டது. அவருடைய புகழுக்கு அடித்தளம் இந்தக் காலம்தான் என்பதே என் கருத்து.

பத்து வயதை எட்டுவதற்குள், மரக்காலணி நடனமாடும் ‘எய்ட் லங்காஷயர் லாட்ஸ்’ என்ற சிறுவர் குழுவில் சேர்ந்து இங்கிலாந்து முழுவதும் சுற்றினார். 1901-இல் தந்தை 38 வயதில் இறந்தார். 1903-இல் தாயின் மனநிலை பாதிக்கப்பட, பதினான்கு வயதுச் சார்லியே அவரை மருத்துவமனைக்கு நடத்தி அழைத்துச் சென்றார். அதே ஆண்டு ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகத்தில் பில்லி என்ற ஏவல் சிறுவனாக வேடம் கிடைத்தது. சம்பளம் வாரத்துக்கு இரண்டரைப் பவுண்டு. அப்போது அவருக்குச் சரளமாக வாசிக்கத் தெரியாது. வசனத்தை அங்கேயே படித்துக்காட்டச் சொல்லிவிடுவார்களோ என்று நடுங்கியிருக்கிறார். கப்பல் வேலையிலிருந்து திரும்பியிருந்த சிட்னிதான் உடனிருந்து வசனத்தை மனப்பாடம் செய்ய உதவினார்.

1908-இல் ஃபிரெட் கார்னோவின் நகைச்சுவை நாடகக் குழுவில் சேர்ந்ததே பெரிய திருப்பம். தம்பியை அங்கே கொண்டு சேர்த்தவரும் முன்பே அந்தக் குழுவில் இருந்த சிட்னிதான். கார்னோவின் நாடகங்கள் பெரும்பாலும் பேச்சை நம்பாமல் உடலசைவை நம்பியவை. விழுவது, தடுமாறுவது, தொப்பியைத் தவறவிடுவது யாவும் நொடிக்கணக்கில் ஒத்திகை பார்க்கப்பட்டன. ‘மம்மிங் பேர்ட்ஸ்’ என்ற நாடகத்தில், நாடகம் பார்க்கவந்து ரகளை செய்யும் குடிகாரராக நடித்துச் சாப்ளின் பெயரெடுத்தார். 1910-இல் அக்குழுவோடு அமெரிக்கா சென்றபோது உடன் சென்றவர்களில் ஒருவர், பின்னாளில் லாரல்-ஹார்டி இணையின் லாரலாகப் புகழ்பெற்ற ஸ்டான் ஜெஃபர்சன்.

கேள்வி: திரையில் இவ்வளவு விரைவாகப் புகழ்பெற்றது எப்படி? அந்த வேடம் யாருடைய யோசனை?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: வேடம் அவருடையதே. 1913-இல் வாரம் 150 டாலருக்கு மாக் சென்னட்டின் கீஸ்டோன் திரைப்பட நிறுவனத்தில் ஒப்பந்தமானார். நகைச்சுவை வேடம் ஏதாவது போட்டுக்கொண்டு வா என்று சென்னட் சொல்ல, எல்லாமே முரணாக இருக்கட்டும் என்று தொளதொளத்த கால்சட்டை, இறுக்கமான கோட்டு, சின்னத் தொப்பி, பெரிய காலணி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தார். வயதில் மூத்தவரையே சென்னட் எதிர்பார்த்திருந்தார் என்பதால், முகபாவத்தை மறைக்காத சிறு மீசையையும் ஒட்டிக்கொண்டார். இப்படித்தான் ‘நாடோடி’ என்ற அவருடைய புகழ்பெற்ற பாத்திரம் உருவாகி, 1914 பிப்ரவரியில் திரைக்கு வந்தது.

மௌனப்படத்துக்கு மொழித் தடை இல்லை. கார்னோவிடம் கற்ற வித்தைக்கு அதைவிடப் பொருத்தமான களமும் இல்லை. எஸனே நிறுவனம் 1915-இல் வாரம் 1,250 டாலர் கொடுத்தது. மியூச்சுவல் நிறுவனம் 1916-இல் வாரம் 10,000 டாலரும், கையொப்பத்துக்குத் தனியே 1,50,000 டாலரும் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 26. 1921-இல் தாயைக் கலிபோர்னியாவுக்கு வரவழைத்து, 1928-இல் அவர் இறக்கும் வரை தனி வீட்டில் வைத்துக் கவனித்துக்கொண்டார்.

கேள்வி: அந்த இளமைக்காலத்தின் சாயலைக் காண எந்தப் படங்களைப் பார்க்கலாம்?
(வாசகி, சேலம்)

பதில்: 1915-இல் வந்த ‘எ நைட் இன் தி ஷோ’ படத்தை முதலில் பாருங்கள், அது ‘மம்மிங் பேர்ட்ஸ்’ நாடகத்தின் திரைவடிவம், கார்னோவின் பயிற்சியை நேரில் காணலாம். அடுத்து 1917-இன் ‘ஈஸி ஸ்ட்ரீட்’. அதன் தெரு தெற்கு லண்டன் சேரியை நினைவூட்டுவது. பிறகு 1921-இன் ‘தி கிட்’. சிறுவனை அனாதை இல்லத்துக்குக் கொண்டுபோக அதிகாரிகள் வண்டியில் ஏற்றும் காட்சியை, ஹான்வெல் கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அதன் வேகம் வேறாகத் தெரியும்.