எலும்பு மஜ்ஜை டெஸ்ட்: வலி, பயம் பற்றி நீங்கள் கேட்டவை

இரத்தநோய்ப் பிரிவில் 16 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். எலும்புக்குள் ரத்த அணுக்கள் உருவாகும் மஜ்ஜையைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கும் இந்த டெஸ்ட் நடக்கும்போது நோயாளியின் தலைமாட்டில் நிற்பது பெரும்பாலும் நான்தான். ஒருமுறை எனக்கே எடுக்க வேண்டி வந்தது. மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. அவரிடம் எதைக் கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்பதை நான் சொல்கிறேன்.

கேள்வி: சிஸ்டர், நாளை மறுநாள் எனக்கு டெஸ்ட். முதுகெலும்பில் ஊசி போடுவார்களாம், கை தவறினால் கால் விளங்காமல் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. ஊசி போகும் இடம் முதுகெலும்பே இல்லை, இடுப்பெலும்பின் பின்பக்க மேடு. இடுப்புக்குச் சற்றுக் கீழே, நடுவிலிருந்து விலகி, இரண்டு பக்கமும் லேசாகக் குழி விழுந்திருக்கும். அங்கே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கெட்டியாகத் தட்டுப்படும். அதுதான் இடம். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கும் டெஸ்ட் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தூக்கத்தைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மறைக்காமல் சொல்லுங்கள். எவ்வளவு வலிக்கும்?

வலி ஒரே மாதிரி இருக்காது, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு விதமாக வரும். அது தெரிந்திருந்தாலே பாதி பயம் போய்விடும்.

முதலில் மரத்துப்போகும் ஊசி, லிடோகெய்ன். மருந்து உள்ளே இறங்கும்போது எரியும். அந்த மருந்துக்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு, எரிச்சல் அதனால்தான். பிறகு அதே ஊசியை ஆழமாக இறக்கி, எலும்பைப் போர்த்தியிருக்கும் மேலுறையை மரக்கச் செய்வார்கள். நரம்புகள் அதிகம் உள்ள இடம் அது. இந்த வேலையை அவசரப்படாமல் செய்தால் அடுத்து வருவது பாதி சுலபம்.

அதன்பின் பெரிய ஊசி. டாக்டர் தன் உடல் பாரத்தைக் கொடுத்துத் திருகி இறக்குவார். கூர்மையான வலி இருக்கக்கூடாது, அழுத்தம் மட்டும்தான் தெரிய வேண்டும். சுருக்கென்று குத்தினால் உடனே சொல்லுங்கள்.

அடுத்தது சிரிஞ்சால் மஜ்ஜையை உறிஞ்சுவது. இங்கேதான் உண்மையாகவே வலிக்கும். மரத்துப்போகும் மருந்து எலும்பின் உட்புறத்தை எட்டாது. எனக்கு எடுத்தபோது, இடுப்பிலிருந்து தொடைவரை யாரோ நரம்பைப் பிடித்துச் சுண்டி இழுத்த மாதிரி இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணினேன், ஐந்து எண்ணுவதற்குள் விட்டுவிட்டது. இரண்டு மூன்று முறை உறிஞ்ச வேண்டியிருக்கலாம். ஒவ்வொன்றும் சில விநாடிதான்.

கடைசியாக, தீக்குச்சி கனத்தில் 2 சென்டிமீட்டர் அளவுக்கு எலும்புத் துண்டு ஒன்று எடுப்பார்கள். மொத்தமாக அமுக்கிப் பிசைகிற மாதிரியான வலி அது. ஆரம்பம் முதல் கட்டுப் போடுவதுவரை பொதுவாக 20, 30 நிமிடம் ஆகும்.

கேள்வி: அக்கா, போன வருடம் எனக்கு எடுத்தபோது மரக்கவே இல்லை. கத்திவிட்டேன். "அசையாதீங்க" என்று மட்டும்தான் சொன்னார்கள். அடுத்த வாரம் மறுபடியும் எடுக்க வேண்டும், நினைத்தாலே கை நடுங்குகிறது.

உங்களுக்கு வலித்தது உண்மை. நீங்கள் பலவீனமானவர் என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், ஊசி போட்ட கையோடு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். மருந்து வேலை செய்யச் சில நிமிடம் தேவை. இந்த முறை படுப்பதற்கு முன்பே, உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: "போன தடவை எனக்கு மரக்கவில்லை. மருந்து போட்டபின் காத்திருங்கள். தொட்டுப் பார்த்து, நான் சரி என்ற பிறகு ஆரம்பியுங்கள்." எரிச்சல் குறைய மருந்தோடு, அதன் அமிலத்தன்மையைத் தணிக்கும் சோடியம் பைகார்பனேட் கலக்க முடியுமா என்றும் கேளுங்கள். தூக்க மருந்து வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. குப்புறப் படுத்தபின் இதையெல்லாம் பேசுவது கடினம், வாயே வராது.

கூடவே, "நிறுத்துங்கள் என்றால் நிறுத்துவீர்களா?" என்று கேட்டு வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு என் கையை நெரித்தார். "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா" என்றேன். டாக்டரிடம் "ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன், ஒவ்வொரு முறையும்.

கேள்வி: மயக்கம் கொடுத்தே செய்துவிடலாமே?

சில இடங்களில் செய்கிறார்கள், எல்லா இடத்திலும் வசதி இல்லை. மூன்று வழி உண்டு. ஒன்று, நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சரிபாதி கலந்த வாயுவை நீங்களே மாஸ்க் பிடித்து இழுப்பது. நிறுத்திய சில நிமிடத்தில் தெளிந்துவிடும். இரண்டாவது, மிடசோலம் போன்ற தூக்க மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுவது, பலசமயம் ஃபென்டனைல் என்ற வலி மருந்தோடு. அரைத்தூக்கமாக இருக்கும், பலருக்கு நடந்தது சரியாக நினைவிருக்காது. மூன்றாவது முழு மயக்கம், பெரியவர்களுக்கு அரிதாகத்தான்.

ரத்தக்குழாயில் மருந்தோ முழு மயக்கமோ என்றால் வழக்கமாக 6 மணி நேரம் சாப்பிடக்கூடாது, தண்ணீரை 2 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். துணைக்கு ஆள் வேண்டும். 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது. தூக்கத்தில் மூச்சுத் திணறல், நுரையீரல் கோளாறு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. அவளிடம் என்ன சொல்வது?

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தூங்கவைத்துத்தான் செய்வார்கள். உங்கள் இடத்திலும் அப்படித்தானா என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். கையில் ஊசி குத்தும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்பே மரக்கும் களிம்பு தடவச் சொல்லுங்கள், அந்தக் குத்தும் தெரியாது. "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நீ தூங்கும்போது டாக்டர் செய்வார், எழுந்ததும் இடுப்பில் லேசாக வலிக்கும், அதற்கு மருந்து இருக்கு" என்று சொல்லுங்கள். ஒருமுறை பொய் சொல்லி ஏமாந்த குழந்தை அடுத்த ஊசிக்குக் கையே நீட்டாது.

கேள்வி: ஊசியைப் பார்த்தாலே எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும்.

அது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வருவது. காத்திருக்கும்போது தலை சுற்றினால் கை, கால் தசைகளை 10, 15 விநாடி இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். இப்படிச் சில முறை. கட்டிலில் ஏறியபின் இதற்கு நேர்மாறு: இடுப்பு, பிட்டத் தசை தளர்ந்திருக்க வேண்டும், இறுக்கினால் வலி கூடும். எதையாவது இறுக்கியே ஆக வேண்டுமென்றால் கையில் ஒரு பந்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை நடப்பது முதுகுப்பக்கம், எதுவும் கண்ணில் படாது. ஊசிகள் இருக்கும் தட்டைத் திறக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிளேட்லெட் 20,000தான் இருக்கிறது. செய்யலாமா?

பிளேட்லெட் குறைவு என்பதற்காக மட்டும் பெரும்பாலும் தள்ளிப்போட மாட்டார்கள். எடுத்தபின் அதிக நேரம் அழுத்திப் பிடிப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தால் அதைக் கட்டாயம் முன்பே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: சிரிஞ்சில் ஒன்றுமே வரவில்லை என்றார்கள். தப்பாகச் செய்துவிட்டார்களா?

அப்படி நினைக்க வேண்டாம். மஜ்ஜையில் நார் படிந்திருந்தாலோ செல்கள் நெருக்கியடித்து இருந்தாலோ வராது. அதுவும் ஒரு தகவல்தான். எலும்புத் துண்டில் பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்தபின் எத்தனை நாள் வலிக்கும்?

சில நாள், அதிகம் போனால் ஒரு வாரம், அடிபட்ட மாதிரி இருக்கும். பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் ரத்தக்கசிவைக் கூட்டும், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கட்டு 24 மணி நேரம் நனையக்கூடாது. ரத்தம் நிற்காமல் கசிந்தால், காய்ச்சல் வந்தால், வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், கால் மரத்துப்போனால் உடனே கூப்பிடுங்கள்.

கேள்வி: வலியைத் தாங்கிவிட்டேன். ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதுதான் தாங்கவில்லை.

புரிகிறது. உறிஞ்சிய மஜ்ஜையைச் சில நாளில் பார்த்துவிடுவார்கள். எலும்புத் துண்டு அப்படியில்லை. அதிலுள்ள கால்சியத்தைக் கரைத்தால்தான் சீவ முடியும், அதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். மரபணு டெஸ்டுகள் இன்னும் தாமதமாகும். தாமதமென்றால் கெட்ட செய்தி என்று எண்ண வேண்டாம். எந்தத் தேதியில், யார் சொல்வார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தேதி தெரிந்துவிட்டால் ஒவ்வொரு போன் மணிக்கும் திடுக்கிட வேண்டியதில்லை.

கேள்வி: நாளைக்கு அம்மாவுக்கு எடுக்கிறார்கள். நான் பக்கத்தில் நிற்கலாமா? என்ன பேசுவது?

அனுமதி கேளுங்கள் தம்பி, பல இடங்களில் விடுவார்கள். கால்மாட்டில் நிற்காதீர்கள். தலைப்பக்கம் ஸ்டூல் போட்டு, உங்கள் முகம் அம்மா முகத்துக்கு நேராக இருக்கும்படி உட்காருங்கள். ஊசியைப் பார்க்க வேண்டாம், பார்த்தால் உங்கள் முகத்தில் தெரிந்துவிடும். உறிஞ்சுவதற்கு முன் குரல் கொடுக்கும்படி டாக்டரிடம் கேட்டு வையுங்கள். அவர் சொன்னதும் அம்மா கையைப் பிடித்து, "இப்போ மெதுவா மூச்சை விடும்மா" என்று சொல்லி, நீங்களும் கூடவே ஊதுகிற மாதிரி நீளமாக விடுங்கள். அந்த மூச்சு தீரும்போது அநேகமாக அந்த இழுப்பும் முடிந்திருக்கும்.