நாலாவது சென்டர் பேரிங் வாங்குவதற்கு முன்னால்

கேள்வி: 2007 மாடல் ஆறு சக்கர லாரி, செங்கல் லோடு ஓட்டுகிறேன். எட்டு மாதத்தில் சென்டர் பேரிங் மூன்று முறை போய்விட்டது. கடைசி இரண்டு தடவையும் கம்பெனி சாமான்தான் போட்டேன். லோடோடு கிளம்பும்போது வண்டிக்கு அடியில் உதறுகிறது, வேகம் எடுத்ததும் நின்றுவிடுகிறது. கிராஸ் எல்லாமே புதுசு. போன வருடம் பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தோம். என்ன கோளாறாக இருக்கும்?

பதில்: பட்டை சேர்த்ததை ஏதோ ஞாபகம் வந்ததுபோலக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

சென்டர் பேரிங்குக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஷாஃப்ட் முன், பின் என்று இரண்டு துண்டு; அது நடுவில் தொய்யாமல் தாங்க வேண்டும், அவ்வளவுதான். சுற்றிலும் இருக்கிற ரப்பர், சின்னச் சின்ன அதிர்வை வாங்கிக்கொள்ளும். எட்டு மாதத்தில் மூன்று போகிறது என்றால் வேறு எதுவோ அதை அடிக்கிறது. அது எது என்று உங்கள் உதறலே பாதி சொல்லிவிட்டது.

ஷாஃப்ட் முனைகளை இணைக்கிற கிராஸ் ஜாயிண்ட் கோணத்தில் சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். பின் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்று செய்கிற கோளாறை இன்னொன்று சரிக்கட்டிவிடும். சமமாக இல்லையென்றால் சரிக்கட்டாது. அதோடு, கோணம் பெரிதாக இருக்கிற ஜாயிண்ட் முறுக்கு விசை ஏறும்போதெல்லாம் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் தள்ளும். முதல் கியரில் லோடோடு கிளம்பும்போதுதான் முறுக்கு அதிகம், உதறலும் அப்போதுதான் வருகிறது. பேலன்ஸ் போயிருந்தால் கதை நேர்மாறாக இருக்கும்: கிளம்பும்போது வெண்ணெய் மாதிரி கிளம்பி, 50, 60 வேகத்தில் நடுங்கும். அதனால் பேலன்சிங் கடைக்கு இப்போதே ஓட வேண்டாம்.

சரி, பட்டைக்கு வருவோம். பட்டை சேர்க்க வேண்டுமென்றால் பட்டையை ஆக்சிலோடு பிடித்திருக்கிற யு போல்ட்டைக் கழற்றியாக வேண்டும். பல வண்டிகளில் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஆப்புத் தகடு இருக்கும். கிரவுன் மூக்கு, அதாவது பின் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் முனை, எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. கழற்றி மாட்டுகிற அவசரத்தில் அதைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். 2 டிகிரி ஆப்பைத் திருப்பிப் போட்டால் வித்தியாசம் 2 இல்லை, 4. எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில் இதே கதைதான், ஆப்பு தலைகீழாக இருந்தது. அந்தக் கோபத்தில் உரிமையாளர் என்னையும் சேர்த்துத் திட்டினார், பட்டை போட்டது நான் இல்லை என்பது அவருக்கு நினைவில்லை.

ஊகத்தை விடுங்கள், அளந்து பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இஞ்சினை அணைத்துவிட்டு அடியில் போங்கள். ஜாக்கியில் தூக்கி அளக்கக் கூடாது, பின் ஆக்சில் தொங்கினால் கோணமே மாறிவிடும். போனில் இருக்கிற மட்டம் பார்க்கும் ஆப் போதும். கியர் பாக்ஸ் ஃபிளேஞ்ச் (ஷாஃப்ட்டை போல்ட் போட்டு மாட்டும் வட்டத் தகடு), முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், பினியன் ஃபிளேஞ்ச் என்று நாலு இடத்திலும் சாய்வை எழுதிக்கொள்ளுங்கள். ஃபிளேஞ்ச் முகத்தில் வைத்தால் 90-ஐ ஒட்டிக் காட்டும், 90-க்கு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதுதான் சாய்வு. எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் குறிக்க மறக்காதீர்கள்.

ஒரு கணக்கு பார்க்கலாம். எல்லாமே பின்பக்கம் இறங்குகிற சாய்வு என்று வையுங்கள். கியர் பாக்ஸ் 3, முன் ஷாஃப்ட் 4, பின் ஷாஃப்ட் 7.5, பினியன் 4. அடுத்தடுத்த இரண்டு சாய்வின் வித்தியாசம்தான் ஜாயிண்ட்டின் கோணம்: முதல் ஜாயிண்ட் 1 டிகிரி, நடு ஜாயிண்ட் 3.5, கடைசி ஜாயிண்ட் 3.5. நடுவும் கடைசியும் சமம், வண்டி அமைதியாகப் போகும். ஆப்பு திரும்பிப் பினியன் 8 ஆகிவிட்டால் கடைசி ஜாயிண்ட் வெறும் 0.5, நடுவில் மட்டும் அதே 3.5. இந்த இரண்டுக்கும் நடுவில் 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் விடமாட்டேன். காலி வண்டியில் ஒரு முறை, லோடு ஏற்றி ஒரு முறை என்று இரண்டு தடவை அளக்க வேண்டும், ஏனென்றால் கூடுதல் பட்டை காலி வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிவிடும்.

கோணம் சரியாக இருந்தால் அடுத்து ஸ்லிப் ஜாயிண்டை, அதாவது பல்லுக்குள் பல் வழுக்கி ஷாஃப்ட் நீண்டு குறுகுகிற இடத்தை, பாருங்கள். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின் ஆக்சில் முன்னும் பின்னும் நகரும், அந்த நீளத்தை ஸ்லிப்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். துரு பிடித்தோ கிரீஸ் காய்ந்தோ இறுகியிருந்தால் அந்தத் தள்ளல் நேராகப் பேரிங் மேல் போகும். பழைய பேரிங்கின் ரப்பர் ஒரு பக்கமாக, முன்னாலோ பின்னாலோ இழுபட்டுக் கிழிந்திருந்தால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். கழற்றி மாட்டும்போது ஸ்லிப்பின் இரண்டு பாதியிலும் இருக்கிற அம்புக்குறி நேருக்கு நேர் வர வேண்டும், அப்போதுதான் இரண்டு முனை ஜாயிண்ட்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும். 16 பல் உள்ள ஸ்லிப்பில் ஒரு பல் தள்ளினாலே 22.5 டிகிரி போச்சு. கிராஸ் புதுசாக மாற்றியிருக்கிறீர்களே, அப்போது இதை யாராவது பார்த்தார்களா?

அப்புறம் ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடம். அங்கே தேய்ந்திருந்தால் சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி, இறுக்கமாக வருகிற மாதிரி செய்து கொடுப்பார்கள். எனக்கு அறவே பிடிக்காத வேலை. புள்ளியின் மேடு கொஞ்ச நாளில் நசுங்கி, உள் வளையம் ஷாஃப்ட் மேல் வழுக்கிச் சூடேறி, பேரிங் மறுபடி போகும். அந்த இடம் சூட்டில் நீலம் பாரித்திருந்தால் ஷாஃப்ட்டின் அந்தத் துண்டையே மாற்றுங்கள். ஃபிளேஞ்ச் நட்டு சரியான டார்க்கில் இறுகாவிட்டாலும் இதே வழுக்கல்தான்.

கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் அமுங்கியிருக்கிறதா, கிராஸ் மெம்பர் ரிவெட் ஆடுகிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பாடியில் வெல்டிங் வைத்தால் எர்த்தை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள், மின்சாரம் பேரிங் வழியாகப் போனால் குண்டில் குழி விழும். வாட்டர் சர்வீஸில் பேரிங் சீலைப் பார்த்து நேராகப் பீய்ச்சவும் விடாதீர்கள்.

ஆப்புதான் கோளாறு என்று தெரிந்தால் பெரிய செலவு இல்லை, கூலியும் புது யு போல்ட்டும்தான். பழைய யு போல்ட்டையே மறுபடி இறுக்க வேண்டாம். லோடோடு நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.